சேலத்து வக்கீல் ராஜகோபாலாச்சாரியார்: நகர்மன்ற நாற்காலியில் தொடங்கிய அரசியல்

ராஜாஜியின் அரசியல் வாழ்க்கை 1919-இல் காந்தியைச் சந்தித்த பிறகே தொடங்குகிறது என்றும், அதற்கு முன் சேலத்தில் அவர் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் கழித்த ஆண்டுகளை ஒரு முன்னுரையாக மட்டும் கொள்ளலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். என் பதில், கொள்ளக்கூடாது என்பதே. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக (இன்றைய முதலமைச்சருக்கு நிகரான பதவி) அவர் செய்த நல்லவற்றிலும், இன்றுவரை தமிழ்நாடு மன்னிக்காத தவறுகளிலும் சேலத்து நீதிமன்றத்தின் பழக்கமும் சேலம் நகர்மன்றத்தின் பழக்கமும் தெளிவாகத் தெரிகின்றன. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. சேலம் நகராட்சி 1866-இல் அமைந்தது. அக்காலத்தில் நகராட்சி என்பது பெரும்பாலும் கலெக்டரின் நீட்சி. வரி வசூலிக்கவும் சாலை போடவும் துப்புரவைக் கவனிக்கவும் அரசு ஏற்படுத்திக்கொண்ட ஒரு சபை, அவ்வளவே. ரிப்பன் பிரபு 1882 மே மாதத்தில் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானமும், அதைத் தொடர்ந்து 1884-இல் வந்த சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டமும்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் அதிகாரிகள் அல்லாத தலைவர்களுக்கும் வழி திறந்தன. சட்டசபைகள் எட்டாக்கனியாக இருந்த அந்த நாட்களில், சென்னைக்கு வெளியே தொழில் நடத்திய ஒரு வக்கீலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அரசியல் பதவி நகர்மன்ற உறுப்பினர் பதவி ஒன்றே. வாக்குரிமை வரி செலுத்துவோரில் ஒரு சிலருக்கே இருந்தது. எனவே நகர்மன்றம் என்பது வக்கீல்களும் வியாபாரிகளும் நிலக்கிழார்களும் ஒருவரையொருவர் அறிந்து பேசிக்கொள்ளும் ஒரு சிறிய அவையாக இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

சேலத்தில் ராஜாஜிக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் ராஜாஜியைச் சொல்ல முடியாது. 1852-இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்விளைந்த களத்தூரில் பிறந்த சி. விஜயராகவாச்சாரியார், சட்டக் கல்லூரி வகுப்புகளில் அமராமல் தாமே படித்துத் தேறி வக்கீலானவர்; 1882-இல் சேலம் நகர்மன்ற உறுப்பினரானவர். அதே ஆண்டு செவ்வாய்ப்பேட்டை மசூதியை ஒட்டி எழுந்த தகராறு பெரும் கலவரமாக முற்றியது. கலவரத்தைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போடப்பட்டு, பத்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. முப்பது வயதில் பத்தாண்டுத் தண்டனையிலிருந்து மீண்ட வேறொருவராக இருந்தால் அத்துடன் ஊரை விட்டே போயிருப்பார். அவரோ, தம்மை நகர்மன்றத்திலிருந்து நீக்கிய அரசின் செயல் சட்டவிரோதமானது என்று சொல்லி, லண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சரான இந்தியாவுக்கான அரசுச் செயலாளரையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். வென்று இழப்பீடாக 100 ரூபாயும் பெற்றார்.

அந்த நூறு ரூபாய் எனக்குப் பெரிய செய்தி. நகர்மன்ற இருக்கை கவர்னர் விரும்பினால் கொடுத்து, விரும்பாவிட்டால் பறித்துக்கொள்ளும் சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை என்பதை ஓர் இந்திய வக்கீல் பேரரசின் நீதிமன்றத்திலேயே நிலைநாட்டினார். 1884-ஆம் ஆண்டின் அந்தத் தீர்ப்பு, அரசை எந்தச் செயலுக்காக நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் பிற்காலத்திலும் எடுத்துக்காட்டப்பட்டது. விஜயராகவாச்சாரியார் பின்னர் சென்னை சட்டசபைக்கும் இந்திய சட்டசபைக்கும் சென்று, 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்தார்.

இந்தச் சேலத்துக்குத்தான் 1900-ஆம் ஆண்டு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத ராஜகோபாலாச்சாரியார் தொழில் செய்ய வந்தார். 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர்; தந்தை அந்த ஊரின் முன்சீப். சில்லறை வழக்குகளைக் கிராமத்திலேயே கேட்டுத் தீர்க்கும் அதிகாரமும் உடைய பதவி அது. பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, சட்டம் முடித்து, சேலத்தில் கிரிமினல் வழக்குகளில் பெயர் பெற்றார். கிரிமினல் வக்கீலின் பயிற்சி தனி வகையானது. எதிர்த்தரப்புச் சாட்சி சொல்லும் நீண்ட கதையில் எந்த ஒரு கண்ணி பலவீனமானது என்று கண்டு, அதில் மட்டும் அடிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு கேள்வி கேட்டாலும் வழக்குக் கெட்டுவிடும். ராஜாஜியின் பிற்காலப் பேச்சிலும் எழுத்திலும் காணும் சிக்கனம் இந்தப் பயிற்சியிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம்.

1911-இல் அவர் நகர்மன்ற உறுப்பினரானார்; 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தார். உலகப் போரால் விலைவாசி ஏறியிருந்த காலம். 1918-இல் விஷக் காய்ச்சல் மாகாணமெங்கும் உயிர்களைக் கொண்டுபோன காலம். அந்த ஆண்டுகளில்தான் சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குக் காரணமாக இருந்தவர் தலைவர் ராஜகோபாலாச்சாரியார். இன்று இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அக்கிரகாரத்துப் பெரிய மனிதர்களும் பேட்டை வியாபாரிகளும் அமர்ந்திருந்த அவையில், அதே மேசையைச் சுற்றி, அதே தீர்மானத்துக்குக் கையுயர்த்தும் உரிமையோடு ஒரு தலித் அமர்ந்தார் என்பது 1917-க்கும் 1919-க்கும் இடையில் சாதாரணச் செய்தி அல்ல. இது நடந்தபோது அவர் காந்தியை அண்டியிருந்தவர் அல்லர். அரிஜன இயக்கம் என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை.

தொழிலையும் பொதுவாழ்வையும் அவர் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருக்கவும் இல்லை. சேலத்து வைத்தியரும் தேசியவாதியுமான பி. வரதராஜுலு நாயுடு மீது ராஜதுரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. 1916-இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காக ஒரு சங்கத்தையும் சேலத்திலிருந்தே தொடங்கினார். சட்டமும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே பேசப்பட்ட காலத்தில், வேதியியலையும் உடலியலையும் தமிழில் சொல்ல முடியும் என்பதைச் செய்து காட்ட முயன்ற அந்தச் சேலத்து வக்கீலையும், 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய பிரதம மந்திரியையும் ஒருவராகவே பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாழ்க்கையின் வருத்தமான முடிச்சுகளில் ஒன்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பக்கத்து ஈரோட்டில் நகர்மன்றத் தலைவராக இருந்தவர் ஈ. வெ. ராமசாமி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஈரோட்டுத் தலைவரைக் காங்கிரசுக்குள் அழைத்து வந்ததில் சேலத்துத் தலைவருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டு அரசியலின் இரு துருவங்களும், குடிநீரும் சாக்கடையும் பேசும் அடுத்தடுத்த ஊர் நகர்மன்றங்களிலிருந்து புறப்பட்டவை என்பதை நம் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

1919-இல் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த மார்ச் மாதம் காந்தி சென்னையில் அவர் வீட்டில்தான் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் கடையடைப்பும் உபவாசமும் நடத்தலாம் என்ற எண்ணம் விடியலுக்கு முன் அரைத் தூக்கத்தில் தோன்றியதாகவும், அதைக் காலையில் ராஜகோபாலாச்சாரியாரிடம் சொன்னதாகவும் காந்தியே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு ராஜாஜி வக்கீல் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அங்கே எழுதிய நாட்குறிப்பில், விடுதலை கிடைத்தவுடன் தேர்தல்களும் அவற்றின் ஊழலும், பணபலத்தின் கொடுமையும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்றும், கல்வி ஒன்றே நம்பிக்கை தருவது என்றும் குறித்தார். சுயராஜ்யம் வேண்டிச் சிறையில் இருந்தவர் இப்படி எழுதியதைத் தீர்க்கதரிசனம் என்று பலர் வியப்பார்கள். எனக்கோ, எட்டாண்டுகள் நகர்மன்றத்துக்குள் இருந்து சிறிய தேர்தல்களையும் சிறிய குத்தகைகளையும் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் அனுபவமே அங்கே பேசுகிறது என்று படுகிறது.

1937 ஜூலையில் அவர் மாகாணப் பிரதம மந்திரியானார். அதன்பின் அவர் இயற்றிய சட்டங்களில் இரண்டு பழக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, எதையும் முதலில் ஒரு சிறிய எல்லைக்குள் செய்து பார்ப்பது. மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் கொண்டுவராமல், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். தாம் வக்கீலாக நடமாடிய மாவட்டம். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 முதல் ஆசிரமம் நடத்தி, கள்ளுக்கடை ஒரு நெசவாளர் வீட்டை என்ன செய்யும் என்று நேரில் பார்த்த மாவட்டம். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், அதற்கடுத்த ஆண்டு வடாற்காட்டுக்கும் விரித்தார். இழந்த கலால் வருமானத்துக்கு ஈடாக 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அத்தகைய வரி அதுதான் முதல். வரவுக்கு வழி சொல்லாமல் செலவுத் தீர்மானம் கொண்டுவர முடியாது என்பதை எந்த நகராட்சித் தலைவரும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வார்.

மற்றொன்று, சட்டத்தின் வாசகத்தையே கருவியாகக் கொள்வது. 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1928-இல் ஒரு குடியானவர் 200 ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுகளில் வட்டியாக மட்டும் 320 ரூபாய் கட்டிவிட்டார். அசல் அப்படியே நிற்கிறது, அதன் மேல் பாக்கி வட்டியும் ஏறி நிற்கிறது. அந்தச் சட்டப்படி, 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தீர்ந்துபோகும். அதோடு, அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்படும். இருமடங்குக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குறையும் பாக்கி அசலும் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதைக் கட்டினால் போதும். நம் குடியானவர் கட்டவேண்டிய இருமடங்கு 400; கட்டியது 320; குறை 80. பாக்கி அசலோ 200. ஆகவே அவர் 80 ரூபாயைக் கொடுத்துப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மேடையில் ‘கடனை ஒழிப்போம்’ என்று முழங்குவது எளிது. நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு வாசகத்தை எழுதி, எந்தத் தேதிக்கு முன், எந்தக் கணக்கின்படி என்று வரையறுத்து, சாகுபடிக்காரனுக்கும் அவனுடைய வக்கீலுக்கும் கையில் கொடுப்பது வேறு வேலை. இது வட்டி வழக்குகளைப் பக்கத்தில் பார்த்தவர்கள் செய்யக்கூடிய வேலை.

கோவில் நுழைவிலும் இதே கைவண்ணம் தெரியும். கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைய உரிமை இல்லை என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்திருந்தது. அதாவது, வழக்கம் என்ற பெயரில் விலக்கி வைப்பதற்கு நாட்டின் உச்ச நீதிபீடத்தின் முத்திரை இருந்தது. இதை வெறும் நல்லெண்ணத்தால் கடக்க முடியாது. 1939 ஜூலை 8 அன்று, தாமும் ஒரு வக்கீலான மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார். உள்ளே போனவர்கள் மீதும் போகவிட்ட கோவில் அதிகாரிகள் மீதும் வழக்குப் பாயும் நிலை இருந்தது. சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் வந்தது. பிறகு அதுவே கோவில் நுழைவு அனுமதி மற்றும் காப்புச் சட்டமாயிற்று. நடந்துவிட்ட செயலுக்குப் பின்னிருந்து காப்பளிக்கும் சட்டம் அது. கட்சிக்காரரை முதலில் ஜாமீனில் எடுத்துவிட்டுப் பிறகு வழக்கைப் பார்க்கும் கிரிமினல் வக்கீலின் அணுகுமுறை இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆனால் இதே கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு தலித் தலைவர் எம். சி. ராஜா மாகாணம் முழுவதற்குமான கோவில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதைத் திரும்பப் பெறச் சொன்னவரும் தோற்கடித்தவரும் ராஜாஜியே. மலபாருக்கு மட்டும் முதலில் ஒரு சட்டம் போதும் என்று அவர் கருதினார். மதுவிலக்கை மாவட்டம் மாவட்டமாக விரிப்பதில் நியாயம் உண்டு; மனிதனின் மரியாதையை மாவட்டம் மாவட்டமாக விரிப்பதில் என்ன நியாயம் இருக்க முடியும்? எம். சி. ராஜாவின் கோபம் முற்றிலும் சரியானது என்றே நான் கருதுகிறேன். மெல்ல மெல்லச் செய்யும் நகராட்சிப் பழக்கம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ராஜாஜி இங்கே தவறாகக் கணித்தார்.

1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும் அப்படித்தான். அவர் கண்ணில் அது 125 பள்ளிகளில் ஒரு சோதனை. தமிழர் கண்ணிலோ அது மொழியின் தலைமேல் வைத்த கை. போராடியவர்கள் மீது, காங்கிரஸ் மறியல்காரர்களை ஒடுக்க வெள்ளை அரசு பயன்படுத்திய அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தை அவர் ஏவினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். ஈரோட்டின் முன்னாள் நகர்மன்றத் தலைவரான பெரியாரும் அவர்களில் ஒருவர். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்திலேயே உயிர்விட்டார்கள். சட்டப் புத்தகத்தில் பிரிவு இருக்கிறது என்பது அதைப் பயன்படுத்தப் போதுமான காரணம் ஆகிவிடாது. இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர், ராஜதுரோகச் சட்டத்துக்கு எதிராக வரதராஜுலு நாயுடுவுக்காக நின்று வாதாடிய வக்கீல்.

1952-இல் மீண்டும் முதலமைச்சரானபோது உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கினார். துணிச்சலான முடிவு, பலனும் கிட்டியது. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆகியவற்றின் ஆட்சி என்று பின்னாளில் மத்திய அரசைச் சாடி, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த கருத்துகளின் தொடக்கம் இங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டோ, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைச் சட்டசபையின் ஒப்புதலைக்கூடக் கேட்காமல் அறிவித்தார். குலக்கல்வி என்று அதற்கு ஊர் வைத்த பெயரே நிலைத்தது. திட்டம் நகராட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது, கிராமங்களுக்கு மட்டுமே என்ற வரம்பையும் கவனியுங்கள்: இங்கும் ஒரு சிறிய வட்டம், ஒரு சோதனை, மேலிருந்து ஓர் ஆணை. 1954-இல் அவர் விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தத் தவறுகள் ஆணவத்தால் வந்தவை என்று சிலரும், சாதிப் பற்றால் வந்தவை என்று பலரும் சொல்வார்கள். அந்த விவாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதுதான்: ராஜாஜி ஆட்சிமுறையைக் கற்றுக்கொண்ட அவை, குறைந்த எண்ணிக்கையிலான வரி செலுத்துவோருக்கு மட்டுமே பதில் சொன்ன அவை. அங்கே பத்துப் பேரை அறையில் அமர்த்தி நியாயத்தை எடுத்துச் சொன்னால் தீர்மானம் நிறைவேறிவிடும். 1937-இல் அவர் சட்டசபைக்குப் போனதும் பட்டதாரிகள் வாக்களிக்கும் பல்கலைக்கழகத் தொகுதியின் வழியாக. 1952-இல், வயது வந்த அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போனபோது, தேர்தலில் நிற்காத அவரைக் கவர்னர் மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார்; இடைத்தேர்தலில் நின்று கீழவைக்கு வரவும் அவர் முயலவில்லை. வாதத்தால் வெல்லும் கலையில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. வீதிவீதியாகப் போய் மறுப்பைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும் கட்டாயம் அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை.

அந்த நியமனம் செல்லாது என்று கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன், அதே உயர்நீதிமன்றத்தில், சேலத்து வக்கீல் ஒருவர் தம் நகர்மன்ற இருக்கையைப் பறிக்க அரசுக்கு உரிமை இல்லை என்று வாதாடி நூறு ரூபாய் பெற்றுச் சென்றார். இப்போது அதே சேலத்திலிருந்து வந்த இன்னொரு வக்கீல், அரசு தந்த இருக்கையில் அமர்ந்து ஆட்சி நடத்தினார்.